ஒண்டில இருந்து அஞ்சு வரை: எங்கட வாழ்க்கையை அளந்தவர்களின் வரலாறு

“இந்தத் திட்டத்துக்குப் பிறகு உங்கட வாழ்க்கைத் தரம் எப்படி இருக்கு அம்மா? ஒண்டில இருந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்கோ.”

இந்தக் கேள்வியை எங்களில் மூன்று பேர் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நிறுவனங்களுக்காகக் கேட்டிருக்கிறோம். ஏ.எல். எழுதிப்போட்டு ரிசல்ட்ஸுக்குக் காத்திருந்த மாதங்களிலும் கம்பஸ் லீவிலும் நாள்சம்பளத்துக்குப் போன வேலை. கையில் ஒரு டெப், கழுத்தில் ஒரு அட்டை, ஒரு வீட்டுக்கு முக்கால் மணித்தியாலம். வன்னியில் ஒரு வீட்டில் கேள்வியைக் கேட்டதும் அந்த அம்மா எங்களைத்தான் திருப்பிக் கேட்டா: “எத்தினை போட்டாப் பிள்ளை அடுத்த முறையும் தருவாங்கள்?”

அண்டைக்கு எங்களிட்ட பதில் இருக்கேல்ல. நாலு எண்டு போட்டுவிட்டு வந்தோம். அந்த நாலு ஒரு சராசரிக்குள் போனது, சராசரி ஒரு ரிப்போர்ட்டுக்குள் போனது, ரிப்போர்ட் எங்கேயோ ஒரு நாட்டுக்குப் போனது. அந்த வீட்டுக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை.

பிறகு நாங்கள் கூடியிருந்து கதைக்கும்போது இந்தச் சம்பவம் அடிக்கடி வரும். அந்த அம்மா கேள்வியைப் பிழையாக விளங்கவில்லை. தன்னுடைய வாழ்க்கையைப் பற்றிக் கேட்கப்படுகிற கேள்விக்குப் பின்னால் காசு கொடுக்கிறவரின் தேவை ஒன்று நிற்கிறது என்பதை எங்களைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தா. இந்தத் தெளிவு அவவுக்கு எங்கிருந்து வந்தது எண்டு தேடப்போனால் நூறு வருசத்துக்கு மேல் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

தோட்டத்தில் தொடங்கிய எண்ணிக்கை

வெளிநாட்டு நன்கொடைப் பணத்தில் சமூகத்துக்குள் இறங்கி, விளைவை எண்ணிக்கையில் எழுதிய பெரிய திட்டங்களில் இந்தத் தீவில் மிகப் பழையது ஒன்று மலையகத்தில் நடந்தது. அமெரிக்காவின் றொக்பெல்லர் மன்றம் 1916இல் மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. வெறுங்காலோடு வேலை செய்த தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பான்மையானவர்களுக்கு இந்தப் புழு இருந்தது. இரத்தத்தை உறிஞ்சும் புழு; ஆள் சோர்ந்துபோவார், வேலை செய்ய ஏலாது. தோட்டத்துரைமாருக்கு அக்கறை வந்தது அந்த இடத்தில்தான்.

திட்டக்காரர் மலத்தைப் பரிசோதித்தார்கள், மருந்து கொடுத்தார்கள், எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்று எழுதினார்கள். எண்ணிக்கை நன்றாகவே இருந்தது. ஆனால் லயங்களில் மலசலகூடம் இல்லை. மருந்து குடித்தவர் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்தார், புழு திரும்ப ஏறியது. மலசலகூடம் கட்டாமல் மருந்தால் மட்டும் இது தீராது என்பது திட்டத்தை நடத்தியவர்களுக்கும் தெரிந்திருந்தது, அதைத் தோட்டங்களிடம் வலியுறுத்தவும் செய்தார்கள். ஆனால் கட்டுகிற செலவைப் பொறுப்பேற்கத் தோட்ட நிருவாகங்கள் இலகுவில் முன்வரவில்லை.

இன்றைக்குத் திட்ட மொழியில் ‘வெளியீடு’, ‘விளைவு’ எண்டு இரண்டாகப் பிரித்துப் பயிற்சிப் பட்டறையில் படிப்பிக்கிறார்களே, அந்தப் பாடம் முழுக்க இந்த ஒரு கதைக்குள் இருக்கிறது. கொடுத்த மருந்து வெளியீடு. புழு இல்லாத உடம்பு விளைவு. நடுவில் நிற்பது கட்டப்படாத மலசலகூடம்.

இதே மன்றத்தின் உதவியோடு 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு வேறு வழியில் போனது. ஒரு நோயை மட்டும் துரத்தாமல் ஒரு பிரதேசத்தின் தாய்மார், பிள்ளைகள், பாடசாலைகள், கிணறுகள் என்று எல்லாவற்றையும் ஒரே பணிமனை தொடர்ந்து கவனித்தது. பின்னாளில் அரசு அதை நாடு முழுக்க விரித்தது. இன்றைக்கும் ஒரு பிள்ளை பிறந்தால் மிட்வைஃப் மிஸ்ஸி வீட்டுக்கு வந்து நிறை பார்த்து அட்டையில் புள்ளி வைக்கிறா. அந்தப் புள்ளியும் ஓர் அளவீடுதான். ஆனால் அட்டை தாயின் கையில் இருக்கிறது. கோடு கீழே இறங்கினால் தாய்க்கே தெரியும், மிஸ்ஸி திரும்பவும் வருவா. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

நூற்றுக்கு 82

1970களின் கடைசியில் மொறிஸ் டேவிட் மொறிஸ் என்ற பொருளியலாளர் ‘பௌதிக வாழ்க்கைத் தரச் சுட்டெண்’ என்ற ஒன்றை அறிமுகப்படுத்தினார். எழுத்தறிவு, சிசு மரணம், ஒரு வயதில் எதிர்பார்க்கப்படும் ஆயுள் என்ற மூன்றையும் நூற்றுக்குப் புள்ளி போட்டு, கூட்டிப் பிரித்துச் சராசரி எடுப்பதுதான் முறை. வருமானம் இதில் இல்லை. ஆள்வீத வருமானத்தில் உலகின் ஏழை நாடுகளோடு நின்ற இலங்கைக்கு இதில் கிடைத்தது 82. பல மடங்கு பணக்கார நாடுகள் இலங்கைக்குக் கீழே நின்றன.

அதிசயம் ஒன்றுமில்லை. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. யுத்த காலத்தில் தொடங்கிய அரிசிப் பங்கீடு அதன் பிறகும் தொடர்ந்தது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி. 1946, 47இல் டி.டி.ரி. தெளித்து மலேரியாவை அடக்கியபோது இறப்பு விகிதம் ஒரே வருசத்தில் ஆயிரத்துக்கு 20இலிருந்து 14 ஆக விழுந்தது. கூப்பன் கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி மூன்றும் சேர்ந்து எடுத்த மார்க்ஸ் அது. 1990இல் மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென் போன்றவர்கள் மனித அபிவிருத்திச் சுட்டெண்ணைக் கொண்டுவந்தபோதும் இலங்கை நல்ல உதாரணமாகவே நின்றது.

நாங்கள் பள்ளிக்கூடத்தில் இதைப் பெருமையாகப் படித்தோம். படிப்பிக்காத பகுதி ஒன்று இருந்தது. 82 என்பது சராசரி. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையக மக்களும் அந்தச் சராசரிக்குள்தான் இருந்தார்கள். தோட்டப் பாடசாலைகள் அரச பாடசாலைகளாக மாற 1970கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தோட்டங்களில் சிசு மரணம் தேசிய அளவைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. 1973, 74 உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினி கிடந்தார்கள், இறப்பு விகிதம் மேலே ஏறியது. உலகமே இலங்கையின் வாழ்க்கைத் தரத்தை மெச்சத் தொடங்கியது அதற்குச் சில வருசங்கள் கழித்து.

சராசரி பொய் சொல்லவில்லை. ஆனால் யாரைப் பற்றிக் கதைக்கிறது எண்டு அது தானாகச் சொல்லாது, நாங்கள்தான் கேட்க வேண்டும்.

நாலுக்கு நாலு பெட்டி

திட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு ‘லொக்ஃபிரேம்’ தெரியாமல் இருக்காது. 1969இல் அமெரிக்காவின் யூ.எஸ்.எயிட் நிறுவனத்துக்காக லியோன் றோசன்பேர்க்கும் அவருடைய ஆலோசனைக் கம்பனியும் செய்து கொடுத்த அட்டவணை. நாலு வரி, நாலு நிரல். இலக்கு, நோக்கம், வெளியீடு, உள்ளீடு என்று மேலிருந்து கீழே. குறிகாட்டி, அதைச் சரிபார்க்கும் வழி என்று பக்கவாட்டில். கடைசி நிரலில் ‘எடுகோள்கள்’. மழை பெய்யும், விலை ஏறாது, சண்டை வராது போன்ற எல்லாம் அந்த ஒரு ஒடுங்கிய நிரலுக்குள் போய்விடும். எங்கட ஊர்களில் வாழ்க்கையின் முக்கால்வாசியும் அந்த நிரலுக்குள்தான் நடக்கிறது.

இலங்கையில் 1979இலிருந்து ஒருங்கிணைந்த கிராமிய அபிவிருத்தித் திட்டங்கள் மாவட்டம் மாவட்டமாக வந்தன. குருநாகலுக்கு உலக வங்கி, மாத்தறைக்கு சுவீடன், அம்பாந்தோட்டைக்கு நோர்வே, நுவரெலியாவுக்கு நெதர்லாந்து. ஒவ்வொரு கொடையாளருக்கும் ஒவ்வொரு படிவம், ஒவ்வொரு கணக்கு.

அந்தத் தசாப்தத்தில் அம்பாந்தோட்டையிலும் தமிழ்நாட்டின் வட ஆர்க்காட்டிலும் பசுமைப் புரட்சி பற்றிய ஆய்வொன்றில் பங்கெடுத்தவர் றொபேட் சேம்பர்ஸ். 1983இல் வந்த தன் புத்தகத்தில் அவர் சொன்ன விடயம் ஒன்று எங்களுக்கு உடனே பிடிபட்டது. வெளியிலிருந்து வருகிறவர்கள் தார் றோட்டுக் கரையில் உள்ள வீடுகளைப் பார்க்கிறார்கள், மாரியில் வராமல் கோடையில் வருகிறார்கள், ஏற்கெனவே திட்டம் நடந்த இடத்துக்கே போகிறார்கள், ஆண்களோடும் சங்கத் தலைவர்களோடும் கதைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். டெப்போடு போன எங்களுக்கும் அதுதான் நடந்தது. வாகனம் போகாத ஒழுங்கைக்குள் இருந்த மூன்று வீடுகளுக்கு ‘ஆள் இல்லை’ எண்டு போடச் சொன்னார்கள். ஆள் இருந்தது எங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

ஒருவருக்கு 7,100 டொலர்

2004 மார்கழி 26இன் பிறகு வந்த காசு இந்தத் தீவு அதுவரை காணாதது. பல நாடுகளும் நிறுவனங்களும் சேர்ந்து அமைத்த சுனாமி மதிப்பீட்டுக் கூட்டணி 2006இல் வெளியிட்ட தொகுப்பறிக்கை ஓர் ஒப்பீடு செய்தது. சுனாமியால் பாதிக்கப்பட்ட ஒருவருக்கு 7,100 டொலருக்கு மேல் சேர்ந்தது. அதே வருசம் பங்களாதேஷ் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்கு 3 டொலர். தேவையைப் பார்த்துப் போகவேண்டிய காசு தொலைக்காட்சியில் எது தெரிந்தது என்பதைப் பார்த்துப் போயிருந்தது. உள்ளூர் ஆட்களின் ஆற்றலைப் பலப்படுத்துவதற்குப் பதிலாகப் பல இடங்களில் ஒதுக்கித் தள்ளினார்கள் என்றும் அந்த அறிக்கையே ஒத்துக்கொண்டது.

காசு கெதியாகச் செலவாக வேண்டும், கணக்கு கெதியாகக் காட்ட வேண்டும். எண்ணுவதற்கு இலகுவானவை படகுகள். ஒரு படகு, ஒரு படம், ஒரு பெயர்ப்பலகை. சில கரைகளில் முன்பிருந்ததைவிடப் படகு கூடியது, ஆனால் கடலில் மீன் கூடவில்லை. சொந்தப் படகில்லாமல் கூலிக்குக் கடலுக்குப் போனவர்களும், கருவாடு போட்ட, மீன் கூவி வித்த பெண்களும் ‘இழந்த சொத்து’ என்ற நிரலில் எழுத ஒன்றுமில்லாமல் நின்றார்கள்.

இடைவெளி விட்ட பக்கங்கள்

வடக்கு கிழக்கின் கதையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மாற்றத்தை அளக்க ‘முன்பு’ எண்டு ஒன்று வேண்டும். எங்களுக்கு அந்த ‘முன்பு’ எழுதப்படவில்லை.

1981இல் முழுத்தீவுக்கும் குடிசன மதிப்பீடு நடந்தது. 2001 மதிப்பீடு 25 மாவட்டங்களில் 18இல் மட்டுமே முழுமையாக முடிந்தது. அடுத்த முழு மதிப்பீடு 2012இல், அதாவது 31 வருசத்துக்குப் பிறகு. தாய் சேய் நலத்தைப் பார்க்கும் குடிசன சுகாதார ஆய்வு 1987, 1993, 2000 மூன்று தடவையும் வடக்கையும் கிழக்கையும் விட்டுவிட்டு நடந்தது. 2006, 07இல் கிழக்கு உள்ளே வந்தது, வடக்கு வெளியே நின்றது. 2016இல்தான் எல்லா மாவட்டமும் ஒரே ஆய்வுக்குள் வந்தன.

வீட்டு வருமான செலவின ஆய்விலும் இதே கதை. 2012, 13 சுற்றில் தேசிய வறுமை 6.7 வீதம், முல்லைத்தீவில் 28.8 வீதம். 2016இல் தேசிய அளவு 4.1, முல்லைத்தீவு 12.7, கிளிநொச்சி 18.2. இந்த எண்கள் வந்தபோது பலர் அதிர்ந்தார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் அதிரவில்லை. அதுவரை ‘இலங்கையின் வறுமை குறைகிறது’ என்று எழுதப்பட்டதெல்லாம் அவர்களை எண்ணாமல் எழுதப்பட்டவை.

இதனால்தான் 2009க்குப் பிறகு வந்த ஒவ்வொரு நிறுவனமும் தன் அடிப்படை ஆய்வை முகாமிலிருந்து திரும்பிய நாளிலிருந்து தொடங்கியது. தறப்பாள் கொட்டிலோடு ஒப்பிட்டால் எது நடந்தாலும் முன்னேற்றம்தான். 1990இல் அந்தக் குடும்பத்துக்கு இருந்த கல்வீடு, பத்துப் பசு, ரக்டர், தென்னங்காணி எந்தப் படிவத்திலும் இல்லை. எங்கட அம்மம்மாக்களைக் கேட்டால் ‘முன்னேற்றம்’ எண்ட சொல்லுக்குச் சிரிப்பார்கள்.

வீடு இருக்கு, நகை அடைவில

2010இல் இந்திய அரசு 50,000 வீடுகளுக்கு நன்கொடை அறிவித்தது. அதில் 46,000 வடக்கு கிழக்குக்கு, மிச்சம் மலையகத்துக்கு. வடக்கு கிழக்கில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா. ஒப்பந்தகாரரிடம் விடாமல் வீட்டுக்காரரே கட்டும் முறை. அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டம் கட்டமாகக் காசு வரும். முறையில் நல்ல விசயம் இருந்தது. சாமியறை எங்கே, குசினி எங்கே எண்டு ஆட்களே முடிவெடுத்தார்கள்.

ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் கட்டினார்கள். மண், கல், மரம், மேசன் கூலி எல்லாம் ஏறியது. அடுத்த கட்டக் காசு வர வேண்டுமென்றால் இந்தக் கட்டம் முடிய வேண்டும். முடிக்கக் கடன். நகை அடைவு வைத்தார்கள், வட்டிக்கு எடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து நுண்கடன் கம்பனிகள் மோட்டார் சைக்கிளில் வீட்டு வாசலுக்கே வந்தன. பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கிழமைக்குக் கிழமை தவணை. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன்.

2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே இறங்கவேண்டி வந்தது. அதே வருசம் வந்துபோன ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, தவணை வாங்க வந்தவர்கள் பெண்களுக்குக் கொடுத்த நெருக்குதலை, பாலியல் ரீதியான வற்புறுத்தல் உட்பட, பதிவு செய்தார்.

இப்போது யோசித்துப் பாருங்கோ. வீட்டுத்திட்டத்தின் ரிப்போர்ட்டில் அந்த வீடு ‘முடிந்தது’ என்று பதிவாகும். நுண்கடன் கம்பனியின் ஏட்டில் அதே பெண் ‘வலுவூட்டப்பட்டவர்’. வாழ்வாதாரத் திட்டம் கொடுத்த கோழி ‘வழங்கப்பட்டது’. மூன்றும் உண்மை. அந்தப் பெண் இரவில் நித்திரை கொள்வதில்லை என்பதும் உண்மை. அது யாருடைய நிரலிலும் இல்லை, ஏனென்றால் மூன்று திட்டமும் அவவைத் தனித்தனியாகத்தான் கேட்டன.

வேறு மாதிரிக் கேட்டவர்கள்

எல்லோரும் பிழையாகவே கேட்டார்கள் எண்டு சொன்னால் அது நியாயமில்லை. 1991இல் உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கருவியொன்றைச் செய்யத் தொடங்கியபோது, தன் பண்பாட்டுக்குள் நின்று, தன் எதிர்பார்ப்புகளையும் கவலைகளையும் வைத்து ஓர் ஆள் தன் வாழ்க்கையை எப்படிப் பார்க்கிறார் என்பதே வாழ்க்கைத் தரம் என்று வரையறுத்தது. அதை உருவாக்கிய 15 நிலையங்களில் சென்னையும் ஒன்று. பின்னர் வந்த 26 கேள்விச் சுருக்கம் உடல், மனம், உறவுகள், சூழல் என்று நாலையும் பார்க்கிறது.

சுனாமிக்குப் பிறகு கைத்திரி பெர்னாண்டோ என்ற உளவியலாளர், மேற்கில் செய்த கேள்விக்கொத்தை மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு, இலங்கை மக்கள் தங்கள் துன்பத்தை எந்தச் சொற்களால் சொல்கிறார்கள் என்பதிலிருந்து ஓர் அளவுகோலைச் செய்தார். யாழ்ப்பாணத்தில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம், யுத்தம் தனி ஆட்களை மட்டுமல்லாமல் குடும்பம், ஊர், நம்பிக்கை என்ற முழுப் பின்னலையும் காயப்படுத்தியதைக் ‘கூட்டு மனவடு’ என்று எழுதினார். அப்படியென்றால் ஒரு ஆளைத் தனியாக இருத்திப் புள்ளி கேட்பதால் பாதிக் கதைதான் வரும்.

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இயங்கிய ‘பாதி’ என்ற குழு 2009இல் வெளியிட்ட வழிகாட்டி எங்களுக்கு மிகவும் பிடித்தது. நல்வாழ்வை அது ஐந்தாகப் பார்த்தது: வளங்களைப் பெறுவது, தன்னால் முடியும் என்ற மதிப்பை உணர்வது, முடிவுகளில் பங்கெடுப்பது, உறவுகளைக் கட்டுவது, உடலும் மனமும் நலமாக இருப்பது. இதைச் சமூக நீதியோடு சேர்த்தே பார்த்தார்கள். கிணறு வெட்டும் திட்டத்திடம்கூட இந்த ஐந்தையும் கேட்கலாம். கிணறு யாருடைய காணியில்? அள்ள வரும்போது யார் யாரோடு கதைக்கிறார்கள்? யார் வரக் கூடாது எண்டு யாராவது சொல்கிறார்களா? சாதி பார்க்கிற எங்கட ஊர்களில் கடைசிக் கேள்வி ஒன்றே போதும்.

இந்தக் கருவிகள் இருந்தும் பரவலாகப் பாவிக்கப்படாததற்குக் காரணம் ஒன்றும் மர்மமில்லை. நேரம் எடுக்கும். பன்னிரண்டு மாதத் திட்டத்தில் பதினோராம் மாதம் விளைவு கேட்டால் இப்படியான பதில் வராது. வந்தாலும் சிலவேளை ‘எங்கட காசு உதவவில்லை’ எண்டு வரும்.

அட்டை யாருடைய கையில்

2025இல் யூ.எஸ்.எயிட் மூடப்பட்டது. லொக்ஃபிரேமை உலகத்துக்குக் கொடுத்த நிறுவனமே இல்லாமல் போனது. அந்தக் காசில் நடந்த திட்டங்கள் இடையில் நின்றன. எங்கட வயதுக்காரர் பலருக்கு வேலை போனது, அது சின்ன விசயமில்லை. ஆனால் எங்களுக்கு வேறொரு யோசனையும் வந்தது. இருபது வருசமாக எங்கட சனங்களிடம் வாங்கிய பதில்கள் எல்லாம் இப்ப எங்கே? ஒரு கிராமத்துக்கு ஐந்து நிறுவனம் போய் ஐந்து அடிப்படை ஆய்வு செய்திருக்கும். அந்தக் கிராமத்தின் வாசிகசாலையில் அதில் ஒன்றின் பிரதிகூட இல்லை.

மிட்வைஃப் மிஸ்ஸியின் அட்டைக்குத் திரும்பி வருகிறோம். அந்த அளவீடு இன்று வரை தாக்குப்பிடித்ததற்கு மூன்று காரணம் தெரிகிறது. அளந்தது அளக்கப்பட்டவரிடமே இருந்தது. அளந்தவர் திரும்பவும் வந்தார். கோடு கீழே போனால் பிள்ளைக்குத் தண்டனை கிடைக்கவில்லை, கவனிப்புக் கிடைத்தது. வன்னி அம்மாவின் பயம் இந்த மூன்றாவதில்தான் இருந்தது. குறைவாகப் போட்டால் திட்டம் போய்விடும் எண்ட இடத்தில் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். நாங்களும் சொல்ல மாட்டோம்.

ஆகவே எங்களுக்குள் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். இனி யாருக்காகவும் தரவு சேகரிக்கப் போனால், முதலில் மூன்று விசயம் கேட்பம்: முடிவுகளைத் தமிழில் ஒரு தாளில் அந்த ஊருக்குத் திருப்பிக் கொடுப்பீங்களா? கேள்விகளில் ஒன்றையாவது மாதர் சங்கத்து ஆட்கள் தாங்களே எழுத விடுவீங்களா? காசு முடிந்து மூன்று வருசத்துக்குப் பிறகு ஒருக்கா வந்து பார்ப்பீங்களா? பதில் இல்லை என்றால் நாள்சம்பளம் தேவைப்பட்டுப் போகவும் கூடும், அதை மறைக்கவில்லை. ஆனால் கேட்காமல் போக மாட்டோம்.

அந்த அம்மாவின் வீடு எங்கே எண்டு எங்களில் ஒருவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இந்த முறை டெப் இல்லாமல் போவம். நாலு எண்டு நாங்கள் போட்டது சரியோ பிழையோ எண்டு அவவிட்டயே கேட்பம்.